மக்காச்சோளக் கருகலுக்கு அடித்த மருந்து எங்கே போனது?

கொடுங்கையூரிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். மணலியில் ஷிப்ட் வேலை. மனைவியின் ஊர் பெரம்பலூர் பக்கம். அங்கே இரண்டு ஏக்கர் மானாவாரி கரிசலில் மச்சானோடு கூட்டாக மக்காச்சோளம் போட்டிருக்கிறார். விதை, உரம், மருந்துச் செலவு இவருடையது, உழைப்பு மச்சானுடையது. மழை விட்டுப் பனி இறங்கத் தொடங்கியதும் அடி இலைகளில் நீள நீளமாகச் சாம்பல் நிறக் கருகல் வந்திருக்கிறது. ஐம்பதாவது நாளில் ஒரு முறை, அறுபத்திரண்டாவது நாளில் ஒரு முறை மான்கோசெப் என்ற பூஞ்சண மருந்தை அடித்திருக்கிறார்கள். பாரிமுனையில் வாங்கி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போன 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர். டேங்குக்கு 40 கிராம், ஏக்கருக்கு 6 டேங்க். ஆளுக்கு ஏக்கர் கணக்கில் கூலி பேசியிருக்கிறார்கள். தண்ணீர் பிடிக்கும் நேரம் போக ஒரு மணி நேரத்தில் ஒரு ஏக்கர் முடிந்துவிட்டதாம். கருகல் நிற்கவில்லை, மேலே ஏறிக்கொண்டே போகிறது. கிணற்றுப் பக்கம் கொஞ்சம் பரவாயில்லை, ரோட்டுப் பக்கம் மோசம். அடுத்த காட்டுக்காரர் அதே கடையில் அதே மருந்தை வாங்கி பவர் ஸ்பிரேயரில் அடித்தார். அவர் பயிர் பச்சையாக நிற்கிறது.

அவருடைய கேள்விகள் மூன்று. மருந்து போலியா, கடைக்காரர் மீது வழக்குப் போட முடியுமா? மச்சான் சொல்வதுபோல மருந்தை இரண்டு மடங்காக்கி மூன்றாவது முறை அடிக்கலாமா? கடன் வாங்கியாவது பவர் ஸ்பிரேயர் வாங்கிவிடலாமா, இல்லை ட்ரோனை வாடகைக்கு எடுக்கலாமா?

கூடவே இலைப் படம் மூன்றும், ஸ்பிரேயர் முனைப் படம் ஒன்றும் அனுப்பியிருக்கிறார். அந்த நான்காவது படத்துக்காக அவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

சகோதரரே, முதலில் நோயைப் பற்றி. படகு மாதிரி நடுவில் அகன்று இரு முனையும் கூர்மையாக, விரல் நீளத்துக்கும் மேலாகப் போகிற அந்தக் கருகல் டர்சிகம் இலைக்கருகல் என்ற பூஞ்சண நோய். குளிர்ச்சியும் பனியும் அதற்குத் தோது. போன பயிரின் தட்டைத் துண்டுகளில் உயிரோடு இருந்து, அடி இலையில் தொடங்கி மேலே ஏறும். கதிருக்கு நேரான இலையும் அதற்கு மேலே உள்ள இலைகளும்தான் மணிக்குப் பால் கட்டிக்கொடுப்பவை. அவை பூக்கும் சமயத்திலேயே கருகினால் விளைச்சல் அடி வாங்கும். மணி முற்றிய பிறகு கருகினால் பெரிய நஷ்டம் இல்லை. இன்னொன்று, ஏற்கெனவே கருகிய இடம் எந்த மருந்துக்கும் திரும்பப் பச்சையாகாது. “அடித்தும் புள்ளி மறையவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். மறையாது. புதுப் புள்ளி வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் வயலில் வந்திருக்கிறது, அதனால் உங்கள் சந்தேகம் நியாயமானதே.

லிட்டர் கணக்கு சரி, ஏக்கர் கணக்கு?

லிட்டருக்கு இரண்டரை கிராம் வீதம் சரியாகக் கலந்தோம் என்கிறீர்கள். டேங்குக்கு 40 கிராம், கணக்கு சரிதான். ஆனால் 6 டேங்குக்கு எவ்வளவு? 240 கிராம். மக்காச்சோள இலைக்கருகலுக்கு 75 சத மான்கோசெப் பொடியின் அளவு ஹெக்டேருக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ. ஏக்கருக்கு 600 முதல் 800 கிராம். உங்கள் பயிருக்குக் கிடைத்தது குறைந்தபட்ச அளவில் பாதிகூட இல்லை.

இது உங்கள் ஒருவருடைய தவறு இல்லை. கடையில் “டேங்குக்கு ஒரு மூடி” என்றுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஏக்கருக்கு எத்தனை டேங்க் என்று யாரும் கேட்பதில்லை. லிட்டருக்கு இத்தனை கிராம் என்ற அளவெல்லாம், இலை நனைய ஏக்கருக்கு 200 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் போகும் என்ற எண்ணத்தில் சொல்லப்படுவது. 16 லிட்டர் டேங்கில் அது பன்னிரண்டரை டேங்க். நீங்கள் அடித்தது 96 லிட்டர்.

இனி அந்த ஒரு மணி நேரத்துக்கு வருவோம். வரிசைக்கு வரிசை இரண்டடி விட்ட பாரில் ஒரு ஏக்கரில் உள்ள எல்லா வரிசையையும் நீட்டிப் போட்டால் 21,780 அடி, அதாவது ஆறரை கிலோமீட்டருக்கு மேல். நெஞ்சுயரச் சோளத்துக்குள், முதுகில் 16 லிட்டரைச் சுமந்துகொண்டு, ஒரு மணி நேரத்தில் அதை யாரும் நடக்க முடியாது. ஆகவே ஆள் ஒரு நடையில் இரண்டு வரிசைக்கு வீசிக்கொண்டே வேகமாகப் போயிருக்கிறார். ஏக்கர் கூலி என்றால் யாராக இருந்தாலும் அப்படித்தான் போவார்கள். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம், 96 லிட்டரை 60 நிமிடத்தில் காலி செய்ய வேண்டுமென்றால் நாசில், அதாவது தெளிப்பு முனை, நிமிடத்துக்கு 1.6 லிட்டர் ஊற்றியிருக்க வேண்டும். பூஞ்சண மருந்துக்கான ஒற்றை நாசில் சாதாரணமாக அவ்வளவு ஊற்றாது. இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்துதான் உங்கள் நான்காவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அந்த நாசில் களைக்கொல்லிக்கு உரியது

முனையில் ஒரு சின்னத் தட்டு சாய்ந்து, தண்ணீர் அதில் மோதி விசிறிபோல விரிகிறதே, அது வெள்ள நாசில் (ஃபிளட் நாசில்). தரையில் களைக்கொல்லி அடிக்கச் செய்தது. காற்றில் பறந்து பயிர் மீது படாமல் இருக்க வேண்டும் என்று வேண்டுமென்றே பெருந்துளியாக விழவைப்பார்கள். களைக்கொல்லிக்கு அது நல்லது. மான்கோசெப்புக்கு அதுவே கேடு.

காரணம் எளிது. மான்கோசெப் இலைக்குள் போகாது. எந்த இடத்தில் படிகிறதோ அந்த இடத்தில் காவல் இருக்கும், பக்கத்து இடத்துக்கு நகராது. அதனால் துளி எத்தனை, எங்கே என்பதுதான் விஷயம். துளியின் விட்டத்தைப் பாதியாக்கினால் அதே தண்ணீரில் எட்டு மடங்கு துளி கிடைக்கும். பெரிய துளியோ சோள இலையில் நிற்காமல் உருண்டு, நடுநரம்பு வழியாக ஓடி, குருத்துக்குள்ளோ தண்டு வழியாக மண்ணுக்கோ போய்விடும். நீங்கள் வாங்கின மருந்தில் ஒரு பங்கு இப்போது கரிசல் மண்ணில் இருக்கிறது.

அதற்காகத் துளியை அளவுக்கு மீறிப் பொடியாக்கினால் வெயிலில் காய்ந்து, காற்றில் பக்கத்து வயலுக்குப் போய்விடும். கைத்தெளிப்பானுக்கு வெற்றுக் கூம்பு நாசில்தான் பூஞ்சண மருந்துக்குப் பழகிய வழி. சுழன்று வரும், நடுவில் காலியாக ஒரு வளையமாக விழும். ஒரு சுவரில் அடித்துப் பார்த்தால் வளையம் தெரியும்.

நாசிலை அப்படியே வைத்துக்கொண்டு அழுத்தத்தை மட்டும் கூட்டினால் போதாதா என்று மச்சான் கேட்கலாம். வரத்து இரண்டு மடங்காக அழுத்தம் நான்கு மடங்கு வேண்டும். பேட்டரி பம்ப் அதற்குத் தாங்காது. இன்னொரு பக்கம், பேட்டரி இறங்க இறங்க அழுத்தமும் இறங்கும், துளி பெருக்கும். கிணற்றுப் பக்கம் பரவாயில்லை, ரோட்டுப் பக்கம் மோசம் என்றீர்களே, தண்ணீர் கிணற்றில் என்பதால் அங்கிருந்துதான் அடிக்கத் தொடங்கியிருப்பீர்கள். முழு சார்ஜில் போன டேங்குகள் அந்தப் பக்கம், களைத்த பேட்டரியில் போனவை ரோட்டுப் பக்கம். இது என் ஊகம்தான். மச்சானிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொரு பழக்கமும் குறுக்கே நின்றிருக்கும். 2018இல் படைப்புழு வந்ததிலிருந்து மக்காச்சோளத்துக்கு மருந்து அடிப்பது என்றாலே முனையைக் குருத்துக்கு நேராகப் பிடித்து ஊற்றுவது என்று ஆட்களின் கை பழகிப்போயிருக்கிறது. புழு குருத்துக்குள் இருக்கிறது, அதற்கு அது சரி. கருகல் ஏறி வருவதோ அடியிலிருந்து. லான்ஸை, அதாவது நாசில் மாட்டியிருக்கும் நீளக் குழாயை, இரண்டு வரிசைக்கு நடுவில் இடுப்புக்குக் கீழே இறக்கி, நாசிலை மேல்நோக்கித் திருப்பி, இலையின் அடிப்பக்கம் நனைய அடித்துக்கொண்டு போய், அப்புறம் மேல் இலைகளுக்கு வர வேண்டும்.

“அப்படியென்றால் ஊடுருவும் மருந்தை வாங்கிவிட்டால் எங்கே அடித்தாலும் செடி முழுக்கப் போய்விடுமே” என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பலரும் நம்புவது இது. அசாக்சிஸ்ட்ரோபின், டைபெனகோனசோல் போன்றவை இலைக்குள் போகும், உண்மை. ஆனால் அவை நீரோட்டத்தோடு மேல்நோக்கி, இலையின் அடியிலிருந்து நுனிக்குத்தான் நகரும். மேல் இலையில் பட்டது கீழ் இலைக்கு இறங்கி வராது. மோசமான தெளிப்பை அவை கொஞ்சம் மன்னிக்கும், அவ்வளவுதான்.

கடைக்காரர் மீது வழக்கு?

உங்களுக்கு உரிமை இருக்கிறது. பூச்சிக்கொல்லிச் சட்டம், 1968இன் கீழ் பூஞ்சண மருந்தும் அடங்கும். விற்பவருக்கு உரிமம் வேண்டும். தரத்தில் சந்தேகம் என்றால் வேளாண்மைத் துறையின் பூச்சிமருந்து ஆய்வாளரிடம் எழுதிக்கொடுக்கலாம், அவர் கடையில் அதே பேட்ச் இருந்தால் மாதிரி எடுப்பார். நீங்கள் பிரித்துப் பயன்படுத்திய பாக்கெட்டை நம்பி யாரும் முடிவு சொல்ல மாட்டார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். பெரம்பலூருக்கு அலைய வேண்டாம், வடசென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், இரண்டு ஆண்டுக்குள்.

ஆனால் போடாதீர்கள் என்பதுதான் என் ஆலோசனை. அதே கடை, அதே மருந்து அடுத்த காட்டில் வேலை செய்திருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி “ஏக்கருக்கு எத்தனை டேங்க்?” என்பதாக இருக்கும். நீங்கள் ஆறு என்பீர்கள். வழக்கு அங்கேயே முடிந்துவிடும். பில்லையும் பாக்கெட்டையும் மட்டும் பத்திரமாக வையுங்கள். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அதில்தான் இருக்கின்றன. பில் போடாத கடையில் மருந்து வாங்காதீர்கள்.

இரண்டு மடங்கு மருந்து, மூன்றாவது தெளிப்பு

இரண்டுமே வேண்டாம். அதே நாசிலில் 80 கிராம் போட்டால், ஏற்கெனவே மருந்து பட்ட இடத்தில் இரண்டு மடங்காகப் படும். படாத இடம் படாத இடமாகவே இருக்கும். தவிர உங்கள் பயிருக்கு இப்போது எழுபத்தைந்து நாள், மணியில் பால் ஏறிக்கொண்டிருக்கிறது. படத்தில் பார்த்தவரை கதிருக்கு மேல் இலைகள் பாதிக்கு மேல் பச்சையாக இருக்கின்றன. இந்த நிலையில் இன்னொரு தெளிப்பு செலவைத்தான் கூட்டும். அறுவடைக்குப் பிறகு தட்டையை மாட்டுக்குப் போடுவீர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே லேபிளில் சொன்ன நாள் இடைவெளி கட்டாயம்.

அடுத்த பருவத்தில் நாற்பதாவது நாளிலிருந்தே அடி இலையைப் பாருங்கள். புள்ளி தென்பட்டதும் ஒன்று, ஆண்பூ வரும் சமயத்தில் ஒன்று. ஐம்பதாவது நாளில் நீங்கள் தொடங்கியது கொஞ்சம் தாமதம். அதே இடத்தில் மறுபடி மக்காச்சோளமே போடாமல் ஒரு பருவம் பருத்தி போடுவதும், கருகலைத் தாங்கும் வீரிய ரகத்தைக் கேட்டு வாங்குவதும் எந்த ஸ்பிரேயரையும்விட மலிவு.

பவர் ஸ்பிரேயரா, ட்ரோனா?

பெட்ரோல் பவர் ஸ்பிரேயர் நல்ல கருவி. காற்று வேகமாக அடிப்பதால் இலை புரண்டு ஆடும், துளி உள்ளே போகும், இலையின் அடியிலும் படியும். பக்கத்துக் காட்டில் அது உதவியிருக்கும். ஆனால் அவர் எந்த ரகம் போட்டார், எப்போது விதைத்தார் என்று நீங்கள் எழுதவில்லை. பத்து நாள் முந்தி விதைத்தாலே கருகலின் கதை மாறும். முழுப் பெருமையையும் மெஷினுக்கே கொடுத்துவிட வேண்டாம்.

வாங்குவதானால் ஒன்றை நன்றாக மனத்தில் வையுங்கள். பவர் ஸ்பிரேயரில் ஏக்கருக்கு ஏறத்தாழ 60 லிட்டர் தண்ணீர்தான் போகும். 600 கிராம் மருந்தும் அந்த 60 லிட்டருக்குள் போக வேண்டும். 15 லிட்டர் டேங்க் என்றால் டேங்குக்கு 150 கிராம். அதில் போய்ப் பழைய 40 கிராமைப் போட்டீர்கள் என்றால் ஏக்கருக்கு 160 கிராம், இப்போதையதைவிட மோசம். மெஷினை மாற்றி மூடிக் கணக்கை மாற்றாமல் விட்டு ஏமாந்தவர்கள் நிறையப் பேர். கரைசல் கெட்டியாக இருப்பதால் அடிப்பவருக்கு ஆபத்தும் அதிகம். இரண்டு ஏக்கருக்காகக் கடன் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். தேவைப்பட்டால் வாடகைக்கு எடுங்கள்.

ட்ரோன் விஷயம் வேறு. ஆளுயரச் சோளத்துக்குள், ஈரக் கரிசலில் யாரும் கால் வைக்க முடியாத நேரத்தில் அது ஒரு வரம். ஆனால் ஏக்கருக்குப் பத்து லிட்டர் அளவுதான் தெளிக்கும். 600 கிராம் மான்கோசெப் பொடியைப் பத்து லிட்டரில் கரைத்தால் கரைசல் கெட்டியாகி நாசில் அடைக்கலாம். ட்ரோனுக்குத் திரவ மருந்துதான் பொருந்தும், அதுவும் ட்ரோன் தெளிப்புக்கு அனுமதி உள்ளதா என்று கேட்டுக்கொண்டு. மேலிருந்து விழுவதால் மேல் இலைகளுக்கு நன்றாகப் படும், அடி இலைக்குக் குறைவாகப் படும். ஆண்பூ சமயத்தில் மேல் இலைகளைக் காப்பாற்ற அது போதும். இலை உறைக் கருகல் என்று இன்னொன்று உண்டு, மண்ணை ஒட்டி, தண்டைச் சுற்றியிருக்கும் இலை உறையில் பாம்புச் சட்டை மாதிரி பட்டை பட்டையாக வரும். அதற்கு ட்ரோனில் அடிப்பது வீண். அடி இலை இரண்டு மூன்றை உறையோடு உரித்தெடுத்துவிட்டுக் கைத்தெளிப்பானில் தண்டுக்கு அடிப்பதே வழி.

அடுத்த முறை அடிக்கும் முன்

ஒரு வேலை செய்யுங்கள், அரை நாள் போதும். இரண்டு கூம்பு நாசில் பொருத்தும் இரட்டை முனை ஒன்று வாங்கி லான்ஸில் மாட்டுங்கள். வெறும் தண்ணீரை ஊற்றி, முனையைக் குடத்துக்குள் பிடித்து ஒரு நிமிடம் ஓட்டி, வந்ததை அளந்து பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஒன்றரை லிட்டர் பக்கம் வர வேண்டும். பிறகு இரண்டடி பாரில் 218 அடி அளந்து குச்சி நடுங்கள், அது ஒரு சென்ட். அந்த 218 அடிக்கு இரண்டு லிட்டர் செலவாகிற மாதிரி நடந்தால் ஏக்கருக்கு 200 லிட்டர் கணக்கு வந்துவிடும். நடக்க ஒண்ணேகால் நிமிடத்துக்குச் சற்று மேல் பிடிக்கும். ஏக்கருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், தண்ணீர் பிடிக்கும் நேரம் தனி. அதாவது கூலி இரட்டிப்பாகும். ஆளிடம் இதை முன்கூட்டியே பேசி, முடிந்தால் நாள் கூலியாக்கிவிடுங்கள். மருந்து பன்னிரண்டரை டேங்குக்கு 600 கிராம், டேங்குக்கு 48 கிராம். பொடியை நேராக டேங்கில் கொட்டாமல் வாளியில் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, வடிகட்டி ஊற்றுங்கள். அடிக்கும்போது டேங்க்கை அவ்வப்போது குலுக்க வேண்டும், இல்லையேல் பொடி அடியில் தங்கும்.

எங்கே படுகிறது என்று பார்க்க வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலம் போதும். தண்ணீரில் நீலம் கலந்து, வெள்ளைத் தாள் துண்டுகளைத் துணி கிளிப்பால் ஒரே செடியில் மூன்று உயரத்தில் மாட்டுங்கள்: அடி இலை, கதிர் இலை, உச்சி. ஒவ்வொன்றிலும் மேலும் கீழும். அடித்துவிட்டுத் தாள்களை எடுத்துப் பாருங்கள். உச்சித் தாள் நனைந்து வழிந்து, அடித் தாள் வெள்ளையாக இருந்தால் பணம் எங்கே போகிறது என்று மச்சானே சொல்வார். நான் பயிற்சிக்குப் போகிற ஊர்களில் ஒரு மணி நேரம் பேசிப் புரியாததை இந்தத் தாள் இரண்டு நிமிடத்தில் புரியவைத்துவிடும்.

அந்த டேங்கிலேயே வரப்புக்குக் களைக்கொல்லியும் அடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றோடு நிறுத்துங்கள். கிளைபோசேட் மிச்சம் சிறிது இருந்தாலும் மக்காச்சோளம் வெளுக்கும். களைக்கொல்லிக்கு ஒரு பழைய கைத்தெளிப்பானைத் தனியாக ஒதுக்குங்கள், உங்கள் வெள்ள நாசிலையும் அதிலேயே மாட்டிவிடலாம்.

பேட்டரி மாற்ற ஸ்பிரேயரைக் கொடுங்கையூருக்குக் கொண்டுவந்து மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறீர்கள், மொட்டை மாடியில் வைத்துச் சோதிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மாடியில் துணி காயும், கீழே பிள்ளைகள் விளையாடும், கழுவிய தண்ணீர் தெருச் சாக்கடை வழியாகக் கொடுங்கையூர் கால்வாய்க்குத்தான் போகும். அந்தக் கால்வாய் பட்டது போதும். எல்லாச் சோதனையும் ஊரில், வயலோரத்தில். கழுவுவதும் கிணற்றடியில் இல்லாமல் வயலுக்குள்ளேயே. இப்போதைக்கு ஒரு பாலித்தீன் பையில் கட்டி, பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

அப்படி எடுத்துவைக்கும்போது ஸ்பிரேயர் வந்த அட்டைப்பெட்டி இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். அநேகமாக எல்லா பேட்டரி ஸ்பிரேயரோடும் ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில் மூன்று நான்கு நாசில் வரும். கூம்பு நாசிலும் இரட்டை முனையும் அதற்குள்ளேயே கிடக்கலாம். இல்லாவிட்டால் பாரிமுனைக்குப் போங்கள்.